நீள லென்சுக்கு ஏற்ற முக்காலி

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் தங்கவயலுக்குத் திரும்பி வரும் நம் பிள்ளைகளின் தோளில் இப்போது பெரிய கேமராக்கள் தொங்குகின்றன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காகப் பல ஊர்களுக்குச் சிதறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். தாத்தா இறங்கிய சாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தையும், தகரக் கொட்டகை லைன் வீடுகளையும், பேத்தமங்கலம் ஏரியின் பறவைகளையும் படமெடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. நல்ல ஆசைதான். துருப்பிடித்த கோபுரங்கள் நமக்காக என்றென்றும் காத்திருக்கப் போவதில்லை.

ஆனால் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல படங்களில் கோபுரத்தின் ரிவிட்டுகள் தெரியவில்லை, நாரையின் கண் தெரியவில்லை. லென்ஸ் மோசம் என்று நினைத்து அதைவிட விலை உயர்ந்த லென்ஸ் வாங்க யோசிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் லென்சில் இல்லை, அதைத் தாங்கி நிற்கும் முக்காலியில்தான் இருக்கிறது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம் என்பார்களே, அந்தக் கதைதான். எண்பதாயிரம் ரூபாய் லென்சை இரண்டாயிரம் ரூபாய் ஸ்டாண்டின் மேல் வைத்தால் கிடைப்பது இரண்டாயிரம் ரூபாய்ப் படமே.

ஆகவே 300 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள நீள லென்சுகளுக்கு எப்படிப்பட்ட முக்காலி வாங்க வேண்டும், அதன் உச்சியில் எந்தத் தலையைப் பொருத்த வேண்டும் என்பதைக் கொஞ்சம் கணக்குடன் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நடுக்கத்தின் கணக்கு

பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் பாகை, கலை, விகலை என்ற சொற்கள் பழக்கமானவை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. கேமராவின் நடுக்கத்தையும் இந்த அளவிலேயே கணக்கிடலாம்.

பழைய 35 மி.மீ. பிலிம் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பிலிமின் மேல் ஒரு புள்ளி 0.03 மி.மீ. அளவுக்குள் கலங்கினால் சாதாரண அளவுப் பிரதியில் கண் அதைக் கண்டுபிடிக்காது. இந்த 0.03-ஐ லென்சின் நீளத்தால் வகுத்தால் எவ்வளவு கோணம் ஆடலாம் என்பது கிடைக்கும். 50 மி.மீ. லென்சுக்கு அது 2 கலை. 400 மி.மீ. லென்சுக்கு 15 விகலை. 600 மி.மீ. லென்சுக்கு 10 விகலை மட்டுமே. அதாவது 400 மி.மீ. லென்சுக்குச் சாதாரண லென்சைவிட எட்டு மடங்கு நிதானம் வேண்டும்.

15 விகலை என்றால் எவ்வளவு? லென்சின் முனை, முக்காலியில் பூட்டிய இடத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த முனை 0.015 மி.மீ. அசைந்தாலே 15 விகலை ஆகிவிடும். நம் தலைமுடி ஒன்றின் பருமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! 500 மீட்டர் தூரத்தில் நிற்கும் சாஃப்ட் கோபுரத்தில் அதே 15 விகலை சுமார் 4 செ.மீ. ஆக விரிகிறது. ரிவிட்டு ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரியும்.

இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் இன்னும் கறாரானவை. அவற்றின் ஒரு புள்ளி சுமார் 0.004 மி.மீ. அகலம்தான். கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு 400 மி.மீ. லென்சில் 2 விகலை நடுக்கமே கண்ணில் பட்டுவிடும்.

கையில் பிடித்து எடுக்கும்போது லென்சின் நீளம் எத்தனை மில்லிமீட்டரோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையாத வேகத்தில் எடுக்க வேண்டும் என்ற பழைய விதி இதிலிருந்து பிறந்ததே. 400-க்கு விநாடியில் 400-இல் ஒரு பங்கு. நடுப்பகலில் அது முடியும். ஆனால் நடுப்பகலில் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றே காட்சியைக் கலக்கிவிடும். வெயிலில் நீண்ட தண்டவாளத்தைப் பார்த்தால் தூரத்தில் அது நெளிவது போலத் தெரியுமே, அந்த நெளிவை எந்த முக்காலியாலும் நிறுத்த முடியாது. நல்ல படம் அதிகாலையிலும் மாலையிலும்தான். அப்போது வெளிச்சம் குறைவு, வேகமும் குறைவு. அங்கேதான் முக்காலி வேண்டியிருக்கிறது.

ஒரு பழைய செய்தி

நிலையான முக்காலி இல்லாமல் நம் ஊரின் வரலாறே இல்லை எனலாம். 1802-இல் மைசூர் எல்லை அளவைப் பணியில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிதான் உரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு மைக்கேல் லாவெல் இங்கே வந்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வாரன் பின்னாளில் சென்னை வான் ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பையும் ஏற்றார். நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்தைப் பற்றி ‘கால சங்கலித’ என்ற நூலும் எழுதினார்.

அதே 1802-இல், ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அவருடைய பெரிய தியோடலைட் கருவியின் எடை ஏறக்குறைய அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு தளர்ந்து கருவி சுவரில் மோதிப் பழுதானது. லாம்ப்டன் அதைப் பொறுமையாகச் சீர்செய்து அளவையைத் தொடர்ந்தார். அளவைக் கருவிக்கும் நீள லென்சுக்கும் தேவை ஒன்றே. விகலைக் கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும்.

பாரம் வேறு, விறைப்பு வேறு

கடையில் முக்காலி கேட்டால் முதலில் சொல்வது, ‘சார், இது 8 கிலோ தாங்கும், இது 15 கிலோ தாங்கும்’ என்பதுதான். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதித்து இந்த எண்ணைப் போடுவதில்லை. ஒரு கம்பெனியின் 8 கிலோவும் இன்னொன்றின் 8 கிலோவும் ஒன்றல்ல. தவிரவும், உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் தாங்குவது வேறு.

ரயில் பாலத்துக்குக் கணக்குப் போடும்போது இரண்டையும் தனித்தனியே பார்ப்பது வழக்கம். பாரத்தைத் தாங்குமா என்பது வலிமை. பாரம் ஏறும்போது எவ்வளவு வளையும், எவ்வளவு அதிரும் என்பது விறைப்பு. தாங்குகிற பாலம் எல்லாம் ஆடாத பாலம் அல்ல. முக்காலி விஷயத்தில் வலிமை அநேகமாக எல்லாவற்றிலும் போதுமான அளவு இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது விறைப்பைத்தான். சீட்டில் போட்டிருக்கும் எண் உங்கள் கேமரா, லென்ஸ், தலை மூன்றின் மொத்த எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

கால்கள்

ஒரு குழாயின் விறைப்பு எதைப் பொறுத்தது? சுவர்ப் பருமன் ஒன்றாக இருந்தால் விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. 28 மி.மீ. குழாய்க்குப் பதில் 36 மி.மீ. குழாய் எடுத்தால் விட்டம் கூடியது 8 மி.மீ. தான், விறைப்போ இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. நீளத்துக்கும் இதே முப்படிக் கணக்கு, ஆனால் எதிர்த்திசையில். 150 செ.மீ. நீட்டிய காலை 120 செ.மீ. அளவுக்குச் சுருக்கினால் வளைவு பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே தடித்த கால், குறைந்த நீட்டல் என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் எத்தனை மடிப்பு என்பதும் முக்கியம். மூன்று துண்டுக் கால், நான்கு துண்டுக் கால், ஐந்து துண்டுக் கால் என்று விற்கிறார்கள். துண்டு கூடக்கூட மடித்தால் சிறிதாகும், பையில் அடங்கும். ஆனால் கடைசித் துண்டு கைவிரல் பருமனுக்கு வந்துவிடும். காலின் பலம் அந்தக் கடைசித் துண்டின் பலம்தான். மேல் துண்டைத் தடவிப் பார்த்து ஏமாற வேண்டாம், கீழ்த் துண்டை இழுத்துப் பாருங்கள். நீள லென்சுக்கு மூன்று துண்டே நல்லது. ரயிலிலும் பஸ்சிலும் சுமக்க வேண்டியவர்கள் நான்கு வரை போகலாம். ஐந்து வேண்டாம்.

அடுத்தது நடுத்தண்டு. உயர்த்திக்கொள்ள வசதியாக நடுவில் ஒரு கம்பம் வைத்திருப்பார்கள். மூன்று காலில் நிற்கும் பலத்தை ஒற்றைக் காலுக்கு மாற்றும் ஏற்பாடு அது. நீள லென்ஸ் வைத்தபின் நடுத்தண்டை உயர்த்தினால் காற்றில் கொடிக்கம்பம் ஆடுவது போல ஆடும். நடுத்தண்டே இல்லாத முக்காலி கிடைத்தால் அதையே வாங்குங்கள். இருந்தால் கீழே இறக்கிப் பூட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

உயரம் எவ்வளவு வேண்டும்? உங்கள் கண் உயரம் 155 செ.மீ. என்றால், தலைக்கும் கேமராவுக்கும் 25 செ.மீ. அளவு கழித்து, நடுத்தண்டு இல்லாமல் 130 செ.மீ. நிற்கும் முக்காலி சமதரைக்குப் போதும். ஏரிக் கரை, பாறைச் சரிவு போன்ற இடங்களில் ஒரு காலை நீட்ட வேண்டியிருக்கும், ஆகையால் 145 அல்லது 150 செ.மீ. இருந்தால் நிம்மதி. தேவைக்குமேல் உயரம் வாங்கி எப்போதும் முழுக்க நீட்டி வைப்பது வீண்.

எந்தப் பொருளில் செய்தது?

அலுமினியம், கார்பன் ஃபைபர், மரம் மூன்றும் கிடைக்கின்றன. ஒரு கன செ.மீ. அலுமினியம் 2.7 கிராம், கார்பன் ஃபைபர் சுமார் 1.6 கிராம். ஆகவே அதே விறைப்புக்குக் கார்பன் கால் எடை குறைவு, அதிர்வையும் விரைவில் அடக்குகிறது. பிரான்சில் தோன்றிய கிட்சோ நிறுவனம் 1994-இல் முதல் கார்பன் ஃபைபர் முக்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சீன நிறுவனங்களும் நல்ல கார்பன் முக்காலிகளைச் செய்வதால் விலை எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. கார்பனில் ஒரு எச்சரிக்கை உண்டு. பாறையில் ஓங்கி இடித்தால் அலுமினியம் நசுங்கும், கார்பன் கீறிப் பிளந்துவிடலாம்.

வண்டியிலிருந்து இறக்கிப் பக்கத்திலேயே வைத்து எடுப்பவர்களுக்கு அலுமினியமே போதும். நல்ல பழைய கனத்த அலுமினிய முக்காலி யாரிடமாவது கைமாற்றாகக் கிடைத்தால், அதே விலைக்குக் கிடைக்கும் புது இலேசான ஒன்றைவிட அது மேல்.

மரம் என்றதும் சிரிக்க வேண்டாம். அதிர்வை விழுங்குவதில் மரத்துக்கு நிகர் குறைவு. லெவல் கருவி வைக்கும் சர்வே முக்காலிகள் நெடுங்காலம் மரத்தில்தான் செய்யப்பட்டன. அவற்றின் இரும்புப் பூணை மிதித்து மண்ணில் இறக்கினால் மலை போல நிற்கும். பழைய சர்வே முக்காலி கிடைத்தால், பெரும்பாலானவற்றில் உள்ள 5/8 அங்குல போல்ட்டிலிருந்து கேமராத் தலையின் 3/8 அங்குலத் திருகுக்கு ஒரு இணைப்புத் துண்டு கடைந்துகொண்டால் போதும். தங்கவயலில் டர்னருக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமா என்ன?

தலை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். முக்காலிக்கும் அப்படியே. நல்ல காலின் மேல் தொளதொளத்த தலையை வைத்தால் எல்லாம் பாழ். நீள லென்சுக்கு நான்கு வகைத் தலைகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று திசைத் தலை. மேல் கீழ், இட வலம், சாய்வு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டலாம். அசையாத பொருளுக்கு, அதாவது சாஃப்ட் கோபுரம், தேவாலயம், நிலா ஆகியவற்றுக்கு இது ஏற்றது. விலையும் குறைவு. பறக்கும் பறவைக்கு உதவாது. ஒவ்வொரு பிடியாகத் தளர்த்துவதற்குள் பறவை பேத்தமங்கலம் தாண்டிவிடும்.

இரண்டாவது, உருண்டைத் தலை. கடைக்காரர் ‘பால் ஹெட்’ என்பார். ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் திரும்பும். சிறிய லென்சுக்கு இதைப் போல் வசதி இல்லை. ஆனால் நீள லென்சுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. பாரம் முழுவதும் உருண்டைக்கு மேலே இருக்கிறது. திருகைத் தளர்த்திய கணத்தில் லென்ஸ் மூக்கடித்து விழும், விரல் நசுங்கும், சில சமயம் முக்காலியே சாயும். இதுதான் வேண்டும் என்றால் உருண்டையின் விட்டம் பெரிதாக உள்ளதை வாங்குங்கள். ஒரே இறுக்கத்தில் 36 மி.மீ. உருண்டையைவிட 54 மி.மீ. உருண்டை ஒன்றரை மடங்கு பிடிக்கும்.

மூன்றாவது, வீடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஃப்ளூயிட் ஹெட். உள்ளே கெட்டியான எண்ணெயின் தடையால் நிதானமாகத் திரும்பும். நல்ல வகைகளில் லென்சின் பாரத்தை எதிர்த்துத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். படமும் வீடியோவும் இரண்டும் எடுப்பவர்களுக்கு ஏற்றது.

நான்காவது, கிம்பல் தலை. பறவைப் படக்காரர்கள் விரும்பி வாங்குவது. அமெரிக்காவில் விம்பர்லி குடும்பத்தார் 1990-களின் தொடக்கத்தில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர், பின்னர் பலரும் செய்யத் தொடங்கினர். கப்பல் ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக நிற்பதற்கு உள்ள அதே ஏற்பாடு. லென்ஸ் ஒரு தொட்டிலில் தொங்குவது போல உட்காரும். அதன் எடையின் மையம் சுழலும் அச்சிலேயே அமைந்துவிடுவதால் மேலே தூக்கினாலும் கீழே தாழ்த்தினாலும் விழாது.

சமன் செய்யும் முறை எளியது. லென்சை மட்டமாக வைத்து, முன்பக்கம் தாழ்ந்தால் பின்னுக்கும், பின்பக்கம் தாழ்ந்தால் முன்னுக்கும் தட்டை நகர்த்துங்கள். பிறகு லென்சை மேல் நோக்கிச் சாய்த்துக் கையை விடுங்கள். தானே இன்னும் சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, தொட்டிலை இறக்குங்கள். தானே மட்டத்துக்குத் திரும்பினால் தொட்டிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சரியாக அமைந்தால் எந்தக் கோணத்தில் விட்டாலும் நல்ல தராசு போல அங்கேயே நிற்கும். அதன்பின் 4 கிலோ லென்சைக்கூட இரண்டு விரலால் திருப்பலாம்.

கிம்பலில் குறைகளும் உண்டு. முழு அளவுத் தலை ஒன்றே ஒன்றரைக் கிலோவை நெருங்கும். லென்சிலேயே முக்காலிக் கழுத்துப்பட்டை இருந்தால்தான் பொருந்தும். முக்காலியின் மேல்தட்டு மட்டமாக இல்லாவிட்டால் லென்சைத் திருப்பத் திருப்பக் காட்சி சாயும்.

எந்த லென்சுக்கு எது?

கேனன் 100-400 இரண்டாம் வகை சுமார் 1.6 கிலோ. கேமராவுடன் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். இதற்கு மேல்குழாய் 28 மி.மீ. உள்ள முக்காலியும் 40 மி.மீ. அளவுக்குக் குறையாத உருண்டைத் தலையும் போதும்.

பலர் வாங்குவது 150-600 வகை. சிக்மாவின் கன்டெம்பரரி 1.93 கிலோ, டாம்ரான் இரண்டாம் வகை ஏறக்குறைய 2 கிலோ, சிக்மாவின் ஸ்போர்ட்ஸ் 2.86 கிலோ. நிக்கான் 200-500 கழுத்துப்பட்டையுடன் 2.3 கிலோ. இவற்றுக்கு 32 மி.மீ. மேல்குழாயும் கிம்பல் தலையும் வேண்டும்.

500 அல்லது 600 மி.மீ. எஃப் 4 லென்சுகள் தனி இனம். கேனன் 600-இன் முதல் ஐஎஸ் வகை 5.36 கிலோ, இரண்டாம் வகை 3.92 கிலோ, மூன்றாம் வகை 3.05 கிலோ. இவற்றுக்கு 36 மி.மீ. அளவும், நடுத்தண்டு இல்லாத அமைப்பும், முழு அளவுக் கிம்பலும் தேவை. லென்ஸ் இலேசாகிவிட்டது என்பதால் முக்காலியையும் இலேசாக வாங்கலாம் என்று எண்ணக்கூடாது. விகலைக் கணக்கு லென்சின் நீளத்தைப் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை.

திருகும் தட்டும்

கேமராவின் அடியில் உள்ள துளை 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. பெரிய லென்சிலும் தலையிலும் 3/8 அங்குலம், 16 புரி. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த புரிக் கணக்கு இதுதான். ரயில்வே பட்டறைகளில் பழகியவர்களுக்கு விட்வொர்த் பெயர் புதிதல்ல. உலகமே மில்லிமீட்டருக்கு மாறிய பின்னும் கேமராவுக்கு அடியில் அங்குலம் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எந்த நாட்டு முக்காலியிலும் எந்த நாட்டுக் கேமராவும் ஏறுகிறது.

தட்டுகளில் ஆர்க்கா சுவிஸ் வகை என்ற 38 மி.மீ. அகல வார்ப்பே இன்று மிகுதியாகப் பழக்கத்தில் உள்ளது. அதையே வாங்கினால் பின்னால் தலையை மாற்றினாலும் தட்டை மாற்ற வேண்டாம். லென்சுக்கான தட்டு நீளமாக இருக்கட்டும், சமன் செய்ய முன்பின் நகர்த்த இடம் வேண்டும். நீள லென்சைப் பூட்டுவது எப்போதும் லென்சின் காலில்தான், கேமராவின் அடியில் அல்ல. கேமராவைப் பூட்டி லென்சைத் தொங்கவிட்டால் இரண்டும் இணையும் வளையத்துக்குக் கேடு.

நம் ஊரில் பயன்படுத்தும்போது

தங்கவயலுக்கே உரிய ஒரு சத்துரு உண்டு. அது சயனைடு மேட்டுத் தூசி. நூற்றாண்டுக்கு மேலாகக் குவார்ட்சுப் பாறையை மாவாக அரைத்துப் பொன்னெடுத்தபின் கொட்டிய மண் அது. ஆடிக் காற்றில் ஊரெல்லாம் பறக்கும். குவார்ட்சு அலுமினியத்தைவிட மிகக் கடினமானது. முக்காலியின் பூட்டுக்குள் புகுந்தால் உப்புத்தாள் போல் தேய்க்கும். ஆகையால் தூசித் தரையில் நிற்கும்போது முதலில் கடைசித் துண்டை நீட்டுங்கள், பூட்டு தரைக்கு மேலே உயர்ந்துவிடும். மடிப்பதற்கு முன் ஈரத்துணியால் குழாயைத் துடையுங்கள். பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பசையாகிவிடும். அந்தத் தூசி முக்காலியைவிட நுரையீரலுக்குக் கெடுதல் என்பது நம் சுரங்கக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்சி நன்றாக இருக்கும் என்று காற்றடிக்கும் நாளில் மேட்டின் மேல் ஏறாதீர்கள்.

சரிவில் முக்காலி வைக்கும்போது சர்வேக்காரர் விதியைப் பின்பற்றுங்கள். இரண்டு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். சமதரையில் ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். பாறையில் ரப்பர்ப் பாதம், மண்ணில் இரும்பு முனை. ஏரிச் சேற்றில் காலுக்கு அடியில் தட்டைக் கல்லை வையுங்கள். காற்று அடித்தால் பையை முக்காலியின் நடுவில் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை முக்காலியையும் சேர்த்து ஆட்டும்.

நிற்கும் இடமும் அசையாததாக இருக்க வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் பல ஆயிரம் அடி ஆழத்தில் ராக் பர்ஸ்ட் நிகழ்ந்தால் மேலே சமையலறையில் பாத்திரம் கிணுகிணுக்கும். ஆழத்து அதிர்வே மேலே வரும் என்றால் பக்கத்து அதிர்வைக் கேட்கவா வேண்டும்? 1894 முதல் ஓடும் பங்காருப்பேட்டை மாரிக்குப்பம் பாதையில் ரயிலைப் படமெடுக்க விரும்புவோர் நடைமேம்பாலத்தில் முக்காலி வைத்தால் நடக்கும் ஒவ்வொரு காலடியும் படத்தில் பதியும். ரயில்வே எல்லைக்கு வெளியே உறுதியான தரையில் நின்று எடுங்கள். எல்லைக்குள் என்றால் அனுமதி பெற்றே எடுங்கள். மூடிய சாஃப்ட்டுகளின் வேலிக்குள் நுழையாதீர்கள். பெமல் தொழிற்சாலைப் பக்கம் லென்சை வெளியே எடுக்கவே வேண்டாம்.

எடுக்கும் விதத்திலும் சில பழக்கங்கள் வேண்டும். கோபுரத்தையும் நிலாவையும் எடுக்கும்போது ரிமோட் அல்லது இரண்டு விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி உள்ள கேமராவாக இருந்தால் அது மேலெழும் அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறக்கும்படி வைக்கலாம். பறவைக்கு வேறு முறை. இடது உள்ளங்கையை லென்சின் மேல் மெல்ல வையுங்கள், கண்ணைக் கேமராவில் அழுத்துங்கள். உங்கள் உடம்பே அதிர்வை விழுங்கிவிடும். லென்சில் நடுக்கம் நீக்கும் வசதி இருந்தால் முக்காலியில் அதை நிறுத்த வேண்டுமா என்பதை அந்த லென்சின் கையேட்டில் பாருங்கள். பழைய லென்சுகள் பலவற்றில் நிறுத்தியே ஆக வேண்டும்.

நிலாவைப் பற்றி ஒரு வேடிக்கை. வானத்தில் நிலா விநாடிக்கு ஏறக்குறைய 15 விகலை நகர்கிறது. நாம் முன்பு கண்ட 400 மி.மீ. லென்சின் எல்லையும் அதுவே. ஆகவே எவ்வளவு உயர்ந்த முக்காலி வைத்திருந்தாலும் ஒரு விநாடி திறந்து வைத்தால் நிலா தானே கலங்கிவிடும். டிஜிட்டலில் விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குள் முடித்துவிடுங்கள்.

காசில்லாதவருக்கு ராகி மூட்டை

இவ்வளவும் வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி ஒரு முனையைத் தைத்து, இரண்டு மூன்று கிலோ ராகியை நிரப்பி மறுமுனையையும் தையுங்கள். மதில் மேலோ, இன்ஜினை நிறுத்திய காரின் சன்னலிலோ வைத்து அதன்மேல் லென்சை அமுக்கினால் விலையுயர்ந்த தலைகளுக்கு ஈடாக நிற்கும். ராகி மணி சிறியது, லென்சின் வளைவுக்கு ஏற்பப் படியும். வேலை முடிந்ததும் களி கிண்டிக்கொள்ளலாம்!

சென்னையில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் பல கருவிகளின் பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாளின் பறவைப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. இன்றைய வசதிகள் இல்லாத காலத்தில் பொறுமையால் சாதித்தவர்கள் இவர்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் கேமராவையும் லென்சையும் கொண்டுபோங்கள். முக்காலியை நீங்கள் பயன்படுத்தும் உயரத்துக்கு நிறுத்தி லென்சைப் பூட்டுங்கள். கேமராவின் பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, தெருக்கோடியில் உள்ள ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைப் பாருங்கள். லென்சின் முனையை ஒரு விரலால் தட்டுங்கள். எழுத்து ஆடி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடியில் அடங்கினால் நல்லது. மூன்று நான்கு விநாடி ஆடினால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தலையைப் பூட்டிக் கையை எடுக்கும்போது காட்சி கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்தத் தலை வேண்டாம். கடைசியாகக் கால்களின் மேல்பகுதியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூட்டில் தொளதொளப்பு தெரிந்தால் விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். லென்சுக்கு ஒதுக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கை முக்காலிக்கும் தலைக்கும் தனியே வைத்துவிடுங்கள். பணம் போதாவிட்டால் ஒருபடி சிறிய லென்சும் ஒருபடி பெரிய முக்காலியுமாக வாங்குங்கள். கேமரா ஐந்தாறு ஆண்டில் பழசாகிவிடும். நல்ல முக்காலி இருபது ஆண்டு உழைக்கும், பிள்ளைக்கும் உதவும். ஒரே ஊர் நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரு கிம்பலை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் தவறில்லை.

அப்படி எடுக்கும் கோபுரப் படங்களுக்கு இடத்தின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத படம் பத்து ஆண்டுகளில் யாரோ ஒருவரின் படமாகிவிடும். ரிவிட்டு ரிவிட்டாகத் தெரியும்படி எடுத்து, இது சாம்பியன் ரீஃப், இது மாரிக்குப்பம் என்று எழுதி வைத்தால், இந்த ஊரைப் பார்த்திராத பேரக் குழந்தைகளும் தங்கள் முன்னோர் எந்தக் கோபுரத்தின் அடியில் இறங்கி வேலை செய்தார்கள் என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.